சேராதவர் பட்டியலை அச்சிடுங்கள்



பாறசாலை, இஞ்சிவிளை, ஊரம்பு, பனச்சமூடு, வெள்ளறடை, குன்னத்துக்கால், பொழியூர் என்று எல்லையை ஒட்டிக் கிடக்கும் ஊர்களிலிருந்து கணினி படிக்கப் போகிறவர்களே, படித்து முடித்துக் கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு விடியற்காலையில் ரயில் ஏறுகிறவர்களே, இந்த மடல் உங்களுக்கு. உங்களிடம் ஒரு குறை சொல்ல வேண்டும், ஒரு காரியம் கேட்கவும் வேண்டும். குறையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரிக் கண்காட்சிகளில் நீங்கள் வைக்கும் மினி புராஜெக்ட்டுகளை வருடந்தோறும் பார்த்து வருகிறேன். நெய்யாற்றில் நீர் ஏறினால் எச்சரிக்கை, கடல் கொந்தளித்தால் எச்சரிக்கை, மலையோரத்தில் மண் சரிந்தால் எச்சரிக்கை. நல்ல எண்ணங்கள்தான். சுவரில் ஒட்டிய படத்தில் ஒரு சென்சார், ஒரு சர்வர், ஒரு கைபேசி, நடுவில் அம்புக்குறிகள். கடைசி அம்புக்குறியின் மேல் ‘எச்சரிக்கை அனுப்பப்படும்’ என்று எழுதியிருக்கும். “நூறு பேருக்கு அனுப்பினால் யாருக்குச் சேரவில்லை என்று உங்கள் நிரல் சொல்லுமா?” என்று கேட்டால், பக்கத்தில் நிற்கும் தோழனின் முகத்தைப் பார்க்கிறீர்கள். அப்புறம், “அதெல்லாம் சேர்ந்துரும் சார்” என்கிறீர்கள்.

சேர்ந்துவிடும் என்று உங்களுக்கு யார் சொன்னது?

2017 நவம்பர் 30 நினைவிருக்கிறதா? உங்களில் பலர் அப்போது தொடக்கப்பள்ளியில் இருந்திருப்பீர்கள். கன்னியாகுமரிக்குத் தெற்கே இருந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அன்று முற்பகலில் ஒக்கி புயலாக மாறியது. நாள்கணக்கில் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கும் தங்கல் தொழிலுக்குப் போன விசைப்படகுகள் பல நாளுக்கு முன்பே கரையை விட்டிருந்தன. கைபேசிக் கோபுரத்தின் சிக்னலோ கரையிலிருந்து சில கடல் மைல்களோடு நின்றுவிடும். பூந்துறை, விழிஞ்ஞம் தொடங்கி நீரோடி, வள்ளவிளை, சின்னத்துறை, தூத்தூர் வரை நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள், காணாமல் போனார்கள். எச்சரிக்கை எப்போது வந்தது, யார் யாரிடம் சொன்னார்கள் என்று மாநில அரசும் வானிலை ஆய்வுத் துறையும் பிற்பாடு வாதாடிக்கொண்டார்கள். எதை எப்போது அனுப்பினோம் என்பதைச் சுற்றியே அந்த வாதம் நடந்தது. படகில் இருந்தவன் காதுக்கு அது போனதா என்பதற்குக் கணக்கில்லை. கடலில் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதிலேயே அரசின் கணக்கு ஒன்றாகவும் பங்குக் கோயில்களில் எடுத்த கணக்கு வேறாகவும் இருந்தது.

அந்தக் கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் வளர்ந்த நீங்கள், அனுப்பியதோடு கையைக் கழுவிவிடும் நிரலை எழுதக் கூடாது. என் மனத்தாங்கல் அதுதான். இனி எழுதுவது எல்லாம் அதற்கான காரணங்கள்.

உங்கள் நெட்வொர்க்கிங் லேபில் யூடிபி சாக்கெட் நிரல் ஒன்று இருக்கிறது. எல்லோரும் எழுதியிருக்கிறீர்கள். சாக்கெட் திறந்து, சர்வர் பக்கம் ஒரு போர்ட்டில் பைண்ட் செய்து, கிளையன்ட் பக்கம் ‘சென்ட்டூ’ கூப்பிட்டு, மறுபக்கம் ‘ரிசீவ்ஃப்ரம்’ வைத்தால் முடிந்தது. வைவாவில் கேட்டால் பதில் தயார்: டிசிபி நம்பகமானது, மெதுவானது, யூடிபி நம்பகமற்றது, வேகமானது. இரண்டு மார்க். அடுத்த கேள்வி.

அந்த நிரலை எங்கே ஓட்டினீர்கள்? ஒரே கணினியில் இரண்டு டெர்மினல் திறந்து, 127.0.0.1 என்ற முகவரியில். அங்கே டேட்டாகிராம் கணினியை விட்டு வெளியே போவதே இல்லை. கெர்னலுக்குள்ளேயே ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாறுகிறது. வாங்கும் பஃபர் நிரம்பி வழிந்தால் ஒழிய ஒன்றுகூடத் தொலையாது, வரிசை மாறாது, இரண்டாக வராது. ஆகவே லேப் ரெக்கார்டில் ‘வெளியீடு சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறீர்கள். தொலைவதையே காட்டாத இடத்தில் நின்றுகொண்டு தொலையக்கூடிய ஒரு நெறிமுறையைப் படித்திருக்கிறீர்கள். பாடம் நடத்துகிறவர்கள் மேலும் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் வீட்டில் இன்னொரு மடிக்கணினி, ஒரு கைபேசி, ஒரு வைஃபை இல்லாதவர்களா நீங்கள்?

சென்ட்டூ திருப்பித் தரும் எண்ணை நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். 64 பைட் கொடுத்தால் 64 என்று திரும்பி வருகிறது. அதைப் பார்த்ததும் ‘அனுப்பியாச்சு’ என்று திரையில் அச்சிடுகிறீர்கள். அந்த 64, உங்கள் கணினியின் கெர்னல் அதை வாங்கி வைத்துக்கொண்டது என்பதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. வேறொரு நெட்வொர்க்கில் இருக்கும் எதிர்முனைக் கணினி அணைந்து கிடந்தாலும் அதே 64தான் திரும்பும். நடுவில் ஒரு ரௌட்டர் நெரிசலில் அதைக் கீழே போட்டாலும் 64தான். ஐசிஎம்பி என்ற வழியில் ‘அந்தப் போர்ட்டில் ஆளில்லை’ என்று சில நேரம் தகவல் வரும். அதுவும் வந்தால் வந்ததுதான். வரும் என்று உறுதி கிடையாது.

இது யூடிபியின் குற்றம் என்று எண்ணாதீர்கள். யூடிபியை வரையறுத்த ஆவணமான, 1980 ஆகஸ்ட் 28 தேதியிட்ட ஆர்எஃப்சி 768 மூன்றே பக்கம். ஜான் போஸ்டல் எழுதியது. சேரும் என்றோ, ஒரு தடவைதான் சேரும் என்றோ உறுதி இல்லை என அந்த மூன்று பக்கத்துக்குள்ளேயே ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருக்கிறார். தலைப்பகுதி எட்டே பைட்: அனுப்பும் போர்ட் இரண்டு பைட், வாங்கும் போர்ட் இரண்டு, நீளம் இரண்டு, செக்சம் இரண்டு. சேர்ந்ததா என்று கேட்க அதில் இடமே இல்லை. வேண்டுமென்றேதான் இடம் விடவில்லை. 1970களின் பிற்பகுதியில் டிசிபியையும் ஐபியையும் தனித்தனியாகப் பிரித்ததற்குக் குரல் அனுப்பும் ஆராய்ச்சியில் இருந்த டேனி கோஹன் போன்றவர்கள் கொடுத்த நெருக்கடி ஒரு முக்கியக் காரணம். பேச்சில் ஒரு துண்டு தொலைந்தால் அதைத் திரும்பக் கேட்டு வாங்குவதற்குள் பேச்சு வெகுதூரம் போய்விடும் என்பது அவர்கள் வாதம்.

வளைகுடாவில் இருக்கும் உங்கள் மாமாவோ சித்தப்பாவோ இரவு வாட்ஸ்அப்பில் கூப்பிடும்போது நீங்கள் இதைக் காதால் கேட்டிருக்கிறீர்கள். இணையவழிப் பேச்சு பெரும்பாலும் 20 மில்லிசெகண்ட் துண்டுகளாகப் போகிறது, ஒரு நொடிக்கு 50. ஒன்றிரண்டு தொலைந்தால் குரல் லேசாகக் கரகரக்கும், பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். தொலைந்த துண்டுக்காக எல்லாவற்றையும் நிறுத்திக் காத்திருந்தால் மாமா “ஹலோ ஹலோ” என்று கத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அங்கே தொலைவதை மன்னிப்பதுதான் சரியான முடிவு.

புயல் எச்சரிக்கையில் அது சரியான முடிவு அல்ல. எதை மன்னிக்கலாம், எதை மன்னிக்கக் கூடாது என்பது யூடிபிக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும். அதனால்தான் அந்தப் பொறுப்பை உங்கள் கையில் விட்டுவிட்டது. நீங்களோ அது விட்ட பொறுப்பை எடுத்துக்கொள்ளாமல், ‘நம்பகமற்றது’ என்று அதற்குப் பட்டம் கட்டிவிட்டுப் போகிறீர்கள்.

“அப்படியானால் டிசிபியில் எழுதிவிட்டுப் போகலாமே” என்பீர்கள். எழுதலாம். ஆயிரம் கைபேசியோடு ஆயிரம் இணைப்பு பிடித்து வைக்க வேண்டும். சிக்னல் வந்து வந்து போகும் இடத்தில் ஒவ்வொரு இணைப்பும் அறுந்து அறுந்து மறுபடி மூன்று பாக்கெட் பரிமாறிக் கை குலுக்க வேண்டும். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. டிசிபி தரும் ஒப்புகை, எதிர்முனைக் கெர்னல் வாங்கிக்கொண்டது என்பதற்கு மட்டும்தான். உங்கள் செயலி அதைப் படித்ததா, திரையில் காட்டியதா, ஆள் பார்த்தாரா என்பது டிசிபிக்கும் தெரியாது. மனிதனுக்குச் சேர்ந்ததா என்ற கேள்விக்கு எந்த நெறிமுறையும் உங்களுக்காகப் பதில் சொல்லாது. நிரல் எழுதுகிறவர்தான் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்று எழுதிப் பாருங்கள். யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். ‘கடலுக்குப்’ என்பதில் மெய்ப்புள்ளி, உகரக் கொம்பு எல்லாம் சேர்த்துப் பத்துக் குறியீடு, 30 பைட். ஒரு இடைவெளி, 1 பைட். ‘போகாதீர்கள்’ பதினொரு குறியீடு, 33 பைட். ஆக 64 பைட். இதையே ஆங்கிலத்தில் எழுதினால் 16 பைட்டில் முடிந்துவிடும்.

உங்களில் ஒருவர் செய்திக்கு எண் கொடுக்க நினைத்து முன்னால் ‘07:’ என்று சேர்க்கிறார் என்று வையுங்கள், 3 பைட். வாங்கும் பக்கம் 40 பைட் பஃபர் போதும் என்று வைக்கிறார். ஆங்கிலத்தில் சோதித்தால் 19 பைட், கச்சிதமாக வேலை செய்கிறது. கையெழுத்தும் கிடைத்துவிடுகிறது. இப்போது தமிழ்ச் செய்தியை அனுப்புங்கள். வருவது 67 பைட். ரிசீவ்ஃப்ரம் ஒரு கூப்பிடலுக்கு ஒரு டேட்டாகிராமை எடுக்கும். பஃபரில் கொள்ளும் அளவுக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தூக்கிப் போட்டுவிடும். அடுத்த தடவை கேட்டாலும் அந்த மிச்சம் வராது. டிசிபியில் பழகிய கை இங்கேதான் சறுக்கும். லினக்ஸில் நீங்களாகக் கேட்டால் ஒழியப் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லாது. 40 என்று திருப்பித் தந்துவிட்டுப் போய்விடும்.

அந்த 40 பைட்டில் என்ன இருக்கும்? எண்ணுக்கு 3, ‘கடலுக்குப்’ 30, இடைவெளி 1. மிச்சம் 6 பைட், இரண்டு குறியீடு. திரையில் தெரிவது: ‘07:கடலுக்குப் போ’.

போகாதே என்று அனுப்பியது, போ என்று சேருகிறது. பாதி எழுத்தாக உடைந்து கட்டம் கட்டமாகத் தெரிந்தாலாவது யாராவது சந்தேகப்படுவார்கள். இது எழுத்துப்பிழை இல்லாத நல்ல தமிழாகவே வந்து நிற்கிறது. நான் எடுத்துக்கொண்ட அளவுகளால் நேர்ந்த தற்செயல் இது என்று நீங்கள் சொல்லலாம். எந்த அளவில் வெட்டினாலும் தமிழில் மறுப்பு வினையடிக்குப் பின்னால்தான் வந்து நிற்கும் என்பதை மறக்காதீர்கள். வெட்டுப்படும் செய்தியில் வினையடிக்கு முன்பே உயிர் விடுவது அந்த மறுப்புதான். மலையாளத்திலும் நிலைமை இதுதான். குறியீட்டுக்கு மூன்று பைட், மறுப்பு வினைக்குப் பின்னால். வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசி வளர்ந்த நமக்கு இதை வேறு யார் வந்து சொல்லித்தர வேண்டும்? ஆங்கிலத்தில் மட்டும் சோதித்த நிரலை நம் கடற்கரைக்குக் கொண்டுவராதீர்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ராக்கெட் அறிவியல் ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு செய்திக்கும் எண் கொடுங்கள். வாங்கியவர் அந்த எண்ணைச் சொல்லி ஒப்புகை அனுப்பட்டும். ஒப்புகை வராவிட்டால் ஒரு நொடி பொறுத்து மறுபடி அனுப்புங்கள். அப்புறம் இரண்டு நொடி, நாலு நொடி, எட்டு நொடி என்று இடைவெளியை இரட்டித்துக்கொண்டே போங்கள். அவசரம் என்று நொடிக்கு நூறு தடவை அடித்தால் ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கும் நெட்வொர்க்கை நீங்களே கொன்றுவிடுவீர்கள். யூடிபி பயன்படுத்துகிறவர்களுக்கான வழிகாட்டியாக 2017 மார்ச்சில் வந்த ஆர்எஃப்சி 8085, போய்வரும் நேரத்தை அளக்க வழியில்லாத நிரல் சராசரியாக மூன்று நொடிக்கு ஒன்றுக்கு மேல் அனுப்பக் கூடாது என்கிறது. படியுங்கள். பரீட்சைக்கு வராது, இருந்தாலும் படியுங்கள்.

ஒப்புகையும் ஒரு டேட்டாகிராம்தான், அதுவும் தொலையும். செய்தி சேர்ந்து, ஒப்புகை தொலைந்தால், நீங்கள் மறுபடி அனுப்புவீர்கள். அவருக்கு இரண்டு தடவை சேரும். எச்சரிக்கை என்றால் இரண்டு தடவை வந்தால் மோசமில்லை. அணைக் கதவுக்குக் கட்டளை என்றால்? ‘கதவை இன்னும் 10 செ.மீ. உயர்த்து’ என்ற கட்டளை இரண்டு தடவை சேர்ந்தால் கதவு 20 செ.மீ. உயர்ந்துவிடும். ‘கதவை 30 செ.மீ. உயரத்தில் நிறுத்து’ என்று எழுதினால் பத்துத் தடவை சேர்ந்தாலும் 30தான். நெய்யாறு அணைக்குக் கீழே ஆற்றங்கரையில் வீடு உள்ளவர்கள் இந்த வித்தியாசத்தை உடனே புரிந்துகொள்வார்கள். நீங்களும் புரிந்துகொண்டு கட்டளையை எழுதுங்கள்.

வரிசையும் மாறும். காலையில் ‘கடலுக்குப் போகாதீர்கள்’, மறுநாள் ‘எச்சரிக்கை விலக்கப்பட்டது’, அன்று மாலையே மறுபடி ‘கடலுக்குப் போகாதீர்கள்’ என்று மூன்று செய்தி போகிறது. சிக்னல் இல்லாமல் இருந்த கைபேசிக்கு உங்கள் நிரல் மூன்றையும் விடாமல் முயன்று அனுப்ப, கடைசியாக வந்து சேர்வது இரண்டாவது செய்தியாக இருக்கலாம். கடைசியில் வந்ததைத் திரையில் காட்டு என்று எழுதியிருந்தால் திரையில் இருப்பது ‘விலக்கப்பட்டது’. பெரிய எண் உள்ள செய்தியைத்தான் காட்ட வேண்டும். எண்ணோடு, இந்தச் செய்தி எப்போதுவரை செல்லுபடியாகும் என்ற நேரமும் இருக்க வேண்டும். காலாவதியான எச்சரிக்கையைத் தொடர்ந்து காட்டினால் அடுத்த எச்சரிக்கையை யாரும் மதிக்க மாட்டார்கள்.

எல்லாரும் ஒரே நேரத்தில் ஒப்புகை அனுப்பினால் என்ன ஆகும் என்றும் யோசியுங்கள். லினக்ஸில் ஒரு யூடிபி சாக்கெட்டுக்கு வழக்கமாகக் கிடைக்கும் வாங்கும் பஃபர் 212,992 பைட். பெரிதாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு டேட்டாகிராமுக்கும் கெர்னல் தன் கணக்குக்கென்று கூடுதல் இடம் பிடித்துக்கொள்வதால், நிரல் எடுக்கச் சற்றுத் தாமதித்தாலும் சில நூறு சின்ன ஒப்புகைகளிலேயே நிரம்பிவிடும். மேலே வருவது சத்தமில்லாமல் கீழே விழும். ஆகவே ஒவ்வொரு கைபேசியும் ஏதோ சில நொடி தாமதித்து, ஆளுக்கு ஆள் மாறுபட்ட நேரத்தில் பதில் சொல்லட்டும்.

பொய் எச்சரிக்கைக்கும் கதவைச் சாத்துங்கள். டேட்டாகிராமின் அனுப்புநர் முகவரியை யாரும் மாற்றி எழுதலாம். 2018 பிப்ரவரியில் கிட்ஹப் தளத்தை நொடிக்கு 1.35 டெராபிட் வெள்ளத்தில் மூழ்கடித்ததும் இந்த வழிதான். முகவரியைப் பொய்யாகப் போட்டு, திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களுக்கு யூடிபியில் சின்னக் கேள்வி கேட்டு, பெரிய பதில்களைக் கிட்ஹப்பின் தலையில் கொட்ட வைத்தார்கள். உங்கள் எச்சரிக்கையில் ரகசியச் சாவி வைத்த ஒரு முத்திரை இருக்கட்டும். குறும்புக்கார ஒருவன் கடற்கரை முழுவதையும் ஒரு பொய்யால் வீட்டில் உட்கார வைத்தால், அடுத்த உண்மைக்கு ஆள் அசையாது.

எல்லைக்காரர்களாகிய உங்களுக்கு மட்டும் புரியும் இன்னொன்றும் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடும் கல்குளமும் சென்னை மாநிலத்துக்குப் போயின, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அந்த எல்லைக் கோடு கைபேசிக் கோபுரத்துக்குத் தெரியாது. பாறசாலையில் பஸ் ஏறிக் களியக்காவிளையில் இறங்குவதற்குள் கைபேசி ஒரு தொலைத்தொடர்பு வட்டத்தை விட்டு இன்னொன்றைப் பிடிக்கும். வீட்டுக்குள் இருந்துகொண்டே சிலர் கைபேசி தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பி வரும். அப்போது அதன் ஐபி முகவரி மாறலாம். வீட்டு வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு வந்தாலோ நிச்சயம் மாறும். முகவரி மாறினால் வழக்கமான டிசிபி இணைப்பு செத்தது. யூடிபியில் இணைப்பே இல்லாததால் சாவதற்கும் ஒன்றும் இல்லை. முகவரியைப் பார்த்து ஆளை அடையாளம் காணாமல், செய்திக்குள்ளேயே ஒரு அடையாள எண் வைத்தால் போதும், எந்தக் கோபுரத்திலிருந்து பேசினாலும் இன்னார் என்று தெரிந்துவிடும். 2021 மே மாதம் ஆர்எஃப்சி 9000 ஆக வந்த குயிக் நெறிமுறை, யூடிபியின் மேல் ஏறி நின்று இதைத்தான் செய்கிறது. உலகத்துக்கே பொதுவான இந்தச் சிக்கலை நம் பிள்ளைகள் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார்ந்து சோதித்துப் பார்க்கலாம். எத்தனை ஊருக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது?

அதே கோபுரம் இன்னொரு சங்கடத்தையும் தருகிறது. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைபேசிக்கும் ஒரே நேரத்தில் அலறும் அவசர எச்சரிக்கையைச் சோதனை ஓட்டத்தில் கேட்டிருப்பீர்கள். தெருவில் ஹாரன் அடித்துக்கொண்டு போகும் மீன்காரரைப் போல அது. யார் கேட்டார்கள் என்று அதற்குத் தெரியாது. எந்தப் பகுதிக்கான எச்சரிக்கையில் ஒரு கோபுரம் சேர்க்கப்பட்டிருக்கிறதோ அந்த எச்சரிக்கைதான் அதில் வரும். பொழியூர்க்காரர் கைபேசி நீரோடிப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்திருந்தால் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கான எச்சரிக்கை அவருக்கு அலறாமல் போகலாம். இரண்டு மாநிலமும் அனுப்பியிருக்கும், நடுவில் ஒரு வீடு விட்டுப்போயிருக்கும். விட்டுப்போன வீட்டைச் சொல்ல ஒரு நிரல் வேண்டாமா?

கடலிலும் இதே கதைதான். ஒக்கிக்குப் பிறகு, கைபேசிக் கோபுரம் எட்டாத இடத்துக்குச் செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் ஹைதராபாத்தின் இன்காய்ஸ் நிறுவனமும் இந்திய விமான நிலைய ஆணையமும் சேர்ந்து கொண்டுவந்த ஜெமினி கருவி, ககன் செயற்கைக்கோள் தரும் செய்தியை வாங்கிப் புளூடூத் மூலம் மீனவரின் கைபேசியில் காட்டியது. நல்ல கருவி. ஆனால் ஒருவழி. செய்தி வரும், பதில் போகாது. அது யூடிபி அல்ல. இருந்தாலும் ஒப்புகை இல்லாமல் அனுப்புகிறவரின் நிலைமை இரண்டிலும் ஒன்றுதான். 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் பிரதமர் தொடங்கிவைத்த திட்டத்தில், ஒரு லட்சம் படகுகளுக்கு இஸ்ரோ உருவாக்கிய இருவழி டிரான்ஸ்பாண்டர் பொருத்துவதாக அறிவித்தார்கள். ஒருவழியிலிருந்து இருவழிக்கு நாடே நகரும்போது உங்கள் மினி புராஜெக்ட் மட்டும் இன்னும் ஒருவழி அம்புக்குறியில் நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை.

வேலைக்குப் போய்விட்டவர்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் அலுவலகத்தில் எழுதும் நிரலில் ஒப்புகை வராவிட்டால் எச்சரிக்கை மணி அடிக்கிறது, டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு எரிகிறது, நடுராத்திரியில் யாரோ எழுந்து பார்க்கிறார்கள். ஏதோ ஒரு நாட்டில் யாரோ ஒருவர் வாங்கிய செருப்புக்கு அவ்வளவு கணக்கு வைக்கத் தெரிந்த உங்களுக்கு, பொழியூர்ப் படகுக்கு அந்தக் கணக்கு வைக்கத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமை ஒரு பொழுது ஊர் வாசகசாலையில் உட்கார்ந்து இந்தப் பிள்ளைகளின் நிரலைப் பாருங்கள். பள்ளியில் லிட்டில் கைட்ஸ் கணினிச் சங்கத்தில் இருக்கும் பிள்ளைகளையும் கூப்பிடுங்கள். லினக்ஸ் அவர்களுக்குப் புதிதல்ல. தமிழில் சொல்லிக்கொடுங்கள், தேவைப்படும் இடத்தில் மலையாளத்தில் சொல்லுங்கள். கெர்னல், பஃபர், போர்ட் என்ற சொற்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஏன் எப்படி என்பதை வீட்டில் பேசும் பேச்சில் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும்.

இனி நான் கேட்கும் காரியம்.

இரண்டு மடிக்கணினியும் வீட்டில் இருக்கும் கைபேசிகளும் எடுத்துக்கொள்ளுங்கள். யூடிபியில் ஒரு எச்சரிக்கை நிரல் எழுதுங்கள். லினக்ஸில் நெட்எம் என்ற வசதி இருக்கிறது. ஒரே ஒரு கட்டளையில், போகும் பாக்கெட்டுகளில் நூற்றுக்கு இருபதைத் தொலைக்கச் சொல்லலாம், தாமதப்படுத்தச் சொல்லலாம், வரிசை மாற்றச் சொல்லலாம், இரண்டாக்கச் சொல்லலாம். அதைப் போட்டுவிட்டுச் செய்தி அனுப்புங்கள். ஆங்கிலத்தில் வேண்டாம், தமிழிலும் மலையாளத்திலும் அனுப்புங்கள். நடுவில் ஒரு கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இன்னொன்றை வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்கு மாற்றுங்கள். மற்றொன்றை ஒருவர் கையில் கொடுத்துக் களியக்காவிளைக்கு அனுப்புங்கள்.

ஆள் திரையைத் தொட்டு ‘பார்த்தேன்’ என்று சொன்னால்தான் ஒப்புகை போக வேண்டும். செயலி தானாகச் சொல்லக் கூடாது. குறித்த நேரம் முடிந்ததும் உங்கள் நிரல் ஒரு பட்டியலை அச்சிட வேண்டும். சேர்ந்தவர் பட்டியல் எனக்கு வேண்டாம். யாருக்குச் சேரவில்லை, கடைசியாக எத்தனை மணிக்கு அவரிடமிருந்து பதில் வந்தது, எத்தனை தடவை முயன்றோம் என்று பெயர் பெயராக இருக்க வேண்டும். அந்தப் பட்டியல் கையில் இருந்தால்தான் ஒரு மனிதர் வீடு தேடிப் போக முடியும், ஒரு பங்குத்தந்தை கோயில் மணி அடிக்கச் சொல்ல முடியும், ஒரு அதிகாரி தேடுதல் படகை எங்கே அனுப்புவது என்று முடிவெடுக்க முடியும். நிரலின் வேலை அங்கே முடிகிறது, மனிதர்களின் வேலை அங்கே தொடங்குகிறது.

வருகிற நவம்பர் 30க்குள் இதைச் செய்துவிட்டு, பொழியூரில் மீன்பிடிக்கிறவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டுங்கள். மார்க் போடும் ஆசிரியர் முன்னால் காட்டுவது அப்புறம் இருக்கட்டும். கடலுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் வைவாவைவிடக் கடினமாக இருக்கும். ஈரக் கையால் திரையைத் தொட முடியாது என்பார்கள், கைபேசி சாக்குக்குள் இருக்கிறது என்பார்கள், எழுதப் படிக்கத் தெரியாது என்பார்கள். ஒவ்வொன்றையும் எழுதி வாங்கிக்கொண்டு வந்து நிரலைத் திருத்துங்கள். திருத்திய நிரலை எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி, தமிழில் விளக்கம் எழுதித் திறந்து வையுங்கள்.

அதற்குப் பிறகு எந்தக் கண்காட்சியில் யார் ‘எச்சரிக்கை அனுப்பப்படும்’ என்று எழுதி வைத்திருந்தாலும், பக்கத்தில் போய் நின்று, யாருக்குச் சேரவில்லை என்று நீங்களே கேளுங்கள். பட்டியலைக் காட்டும்வரை அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்
பாறசாலை